மருந்தறையும் அதன் அழுத்தமும்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில், ஊரார் புலிமுட்டு என்று வழங்கும் அலைதடுப்புக் கற்சுவரை அடுத்து, 1991 ஆம் ஆண்டில் தொடங்கி இருபது ஆண்டுக்காலம் நின்று பரிசோதனைக்கு உதவிய அலைமின் நிலையம், அறையழுத்தம் என்னும் தத்துவத்தைக் கற்க விரும்புவோருக்கு நம் நாட்டில் வாய்த்த மிகத் தெளிவான பாடம் என்பது என் எண்ணம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வகுத்த அந்நிலையத்தின் பிரதான உறுப்பு, ஏறத்தாழ மூவாயிரம் டன் எடையுள்ளதாய்க் கடலடியில் ஊன்றி நிறுத்தப்பட்ட ஒரு கான்கிரீட் பேழை. அதன் அடிப்புறத்து வாய் வழியே அலை புகுந்து உயரும்போது, மேலே அடைபட்டிருக்கும் காற்று நெருக்குண்டு, உச்சியிலுள்ள திறப்பின் வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். அலை தாழும்போது வெளிக்காற்று அதே வழியாக உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையில் சென்றாலும் ஒரே பக்கமாகச் சுழல்வது, பெல்பாஸ்ட் நகரத்துப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் என்பவர் கண்ட அச்சக்கரத்தின் விசேஷம். 150 கிலோவாட் சக்திக்கென அமைக்கப்பட்ட அந்த நிலையம் 2011 இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

அப்பேழைக்குள் காற்றின் அழுத்தம் எவ்வளவு உயரும் என்பதை மூன்று விஷயங்கள் நிர்ணயித்தன: அலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது, காற்றுக்கு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது, வெளியேறும் வழி எவ்வளவு அகலமானது என்பவை. ஒரு மீட்டர் உயரமுள்ள நீர் தரக்கூடிய அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கே ஆகையால், விழிஞ்ஞத்துக் கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் அந்த அறையில் தோன்றிய மிகுதி அழுத்தம் சாதாரணமானதே. ஆனால் அறையின் கொள்ளளவு நான்கு கன சென்டிமீட்டருக்கும் குறைந்ததாகவும், அதனுள் புகுவது கடலாக அல்லாமல் ஒரு திடப் பொருளிலிருந்து அப்போதே பிறக்கும் கொதிவாயுவாகவும், வெளியேறும் வழியோ ஓர் உலோகக் குண்டினால் அடைபட்டதாகவும் இருக்குமாயின், அதே மூன்று விஷயங்களும் சேர்ந்து நாலாயிரம் வாயுமண்டல அழுத்தத்தை ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் எழுப்பிவிடும். துப்பாக்கியின் மருந்தறை என்பது அதுவே. அதில் இடும் தோட்டாவைத் தம் கையாலேயே தயாரித்துக்கொள்ளும் வழக்கம் மேல்நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், பரவலாக உண்டு. அக்கைத்தொழிலின் நுட்பம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இந்த அழுத்தத்தை முன்கூட்டியே மதிப்பிடுவதில் அடங்கியிருக்கிறது.

பழைய காலத்தில் எல்லாத் துப்பாக்கிகளும் கையால் கெட்டிக்கப்பட்டவையே. குழலின் வாய் வழியாக மருந்தை அளந்து கொட்டி, அடைப்பை வைத்துச் சலாகையால் இடித்து, குண்டையோ சன்னத்தையோ இட்டு, மறுபடியும் இறுக்குகின்ற முறையை, நரிக்குறவர் தோளில் சுமந்த நாட்டுத் துப்பாக்கியில் நம் தலைமுறையினரும் கண்டதுண்டு. வெடிவழிபாட்டுக்கென்று சபரிமலையிலும் திருவிதாங்கூர்க் கோயில்கள் பலவற்றிலும் முழக்கப்படும் கதினாவும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. கருமருந்து வெறுந்தரையில் குவித்துக் கொளுத்தப்பட்டால் புஸ்ஸென்று எரிந்து புகையாகிப் போகும். இரும்புக் குழியில் இறுக அடைக்கப்பட்டாலோ மலை அதிரும். பொருளும் ஒன்று, அளவும் ஒன்று. அடைபட்டிருத்தல் ஒன்றே வேறுபாடு. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே இதே கரையோரத்தில், 1741 ஆம் ஆண்டு குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டுப் பின்னர் அவருடைய படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய், உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை அமைத்து நடத்தியபோது, குழலின் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வார்ப்போர் அனுபவத்தினாலும் பரம்பரை வழக்கத்தினாலும் தீர்மானித்தார்களேயன்றி, உள்ளே எழும் அழுத்தம் இவ்வளவு என்று கணக்கிட்டுத் தீர்மானிக்கவில்லை. அக்கணக்கு அவர்களிடம் இல்லை.

குளச்சல் போர் நடந்த மறு ஆண்டில், 1742 இல், அந்தக் கணக்கு லண்டனில் நூலாக அச்சாயிற்று. அதைச் செய்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். பாத் நகரில் 1707 இல் பிறந்தவர். யுத்தத்தை விலக்கும் குவேக்கர் சமயத்துக் குடும்பத்திலிருந்து வந்தும் பீரங்கி சாஸ்திரத்திற்கே அஸ்திவாரம் இட்டவர். அவர் கையாண்ட முறையை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் சொற்ப உபகரணங்களைக்கொண்டு ஒரு பெரிய உண்மையை நெருங்கிச் சென்ற பரிசோதனைகளில் இதற்கு நிகரானவை அதிகம் இல்லை. காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து, அதன்மேல் நிறுத்த கருமருந்தைச் சிறிது சிறிதாக விழச்செய்து, வெந்து வெளிவரும் வாயுவின் அளவைப் பாதரச மட்டத்தைக்கொண்டு அறிந்தார். மருந்து தன் கனபரிமாணத்தைப்போல் 244 மடங்கு வாயுவைத் தருகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதுவும் அந்த வாயு குளிர்ந்தபின் உள்ள கணக்கு. எரியும் தறுவாயில் அதன் உஷ்ணம் அதை ஏறத்தாழ நான்கு மடங்கு விரிக்க முயலும் என்று, வேறொரு பரிசோதனையின் துணைகொண்டு நிதானித்து, மருந்து தான் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே முழுதும் வாயுவாகிவிட்டால் அழுத்தம் சுமார் ஆயிரம் வாயுமண்டலம் இருக்கும் என்று அவர் அறுதியிட்டார்.

இவ்வாறு அழுத்தத்தை ஊகித்த பிறகு, அதைச் சோதிக்க ஒரு வழி வேண்டும் அல்லவா? ஆயிரம் வாயுமண்டலத்தில் தொடங்கி, குண்டு முன்னேற முன்னேற, பாயில் விதிப்படி குறைந்துகொண்டே செல்லும் அழுத்தம் குழலின் முனைவரையில் குண்டைத் தள்ளினால், அது எவ்வளவு வேகத்தோடு வெளிப்படும் என்பதைக் கணிதத்தால் கண்டார்; பின்னர், கனமான மரப்பலகை பொருத்திய இரும்பு ஊசலொன்றை எதிரே தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டு, ஊசல் பின்வாங்கிய தூரத்தை ஒரு நாடா இழுபட்ட நீளத்தினால் அளந்து, குண்டின் வேகத்தை நேராகவே அறிந்தார். கணக்கும் ஊசலும் வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன; வேகம் நொடிக்கு ஆயிரத்து அறுநூறு எழுநூறு அடி என்று தெரிந்தபோது, அதற்குமுன் பலரும் நினைத்துப்பார்த்திராத உண்மை, காற்றின் தடை குண்டின் எடையைப்போல் பல மடங்கு என்பது, உடனே வெளிப்பட்டது. கணித மேதை ஆய்லர் அந்நூலை 1745 இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவான உரையும் எழுதினார்.

இந்தப் பெருமகனார் தம் வாழ்வை முடித்தது நம் தமிழ் மண்ணில் என்பது தமிழர் பலரும் அறியாத செய்தி. 1746 இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்துப் பின்னர் உடன்படிக்கையால் திரும்பப்பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியார், தம் கோட்டைகளைச் சீர்ப்படுத்த ராபின்ஸைத் தலைமை எஞ்சினியராக நியமித்து அனுப்பினர். 1750 ஆம் ஆண்டு ஜூலையில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்துசேர்ந்த அவர், சென்னைக்கும் அக்கோட்டைக்கும் திட்டங்கள் வகுத்துக்கொண்டிருக்கையில் நோயுற்று, 1751 ஜூலை 29 அன்று அங்கேயே காலமானார். கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தில் சிதைந்து நிற்கும் அக்கோட்டையைக் காணச் செல்வோர் கம்பெனியாரின் சண்டைகளைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள். அறையழுத்தக் கணக்கின் முன்னோடி ஒருவர் அங்கே மறைந்தார் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ராபின்ஸின் கணக்கில் ஓர் அனுமானம் இருந்தது: குண்டு அசையத் தொடங்குவதற்கு முன்பே மருந்து முழுவதும் எரிந்து தீர்ந்துவிடுகிறது என்பது. பொடியான கருமருந்துக்கும் சிறு துப்பாக்கிக்கும் அது பெரும் பிழை விளைவிக்கவில்லை; பெரிய பீரங்கிக்கு அது பொருந்தவில்லை. அவர் சொன்ன ஆயிரம் என்ற எண்ணும் மிகக் குறைவானதே. அந்நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு பிரபு, சிறு குழலொன்றின் வாயைப் பெரும் பாரத்தினால் மூடி மருந்தைக் கொளுத்திப் பார்த்து, ஐம்பதினாயிரம் வாயுமண்டலத்துக்கும் மேல் என்று எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விட்டார். ஆண்ட்ரூ நோபிளும் பிரெடெரிக் ஏபெலும் எஃகுக் கலத்துக்குள் மருந்தை முற்றும் அடைத்து எரித்து, 1875 இல் வெளியிட்ட முடிவின்படி அது ஏறத்தாழ 6,400 வாயுமண்டலம். அவர்கள் கையாண்ட கருவி மிக எளியது. கலத்தின் சுவரில் ஒரு துளை, துளையில் ஒரு சிறு தண்டு, தண்டின் மறுபுறத்தில் ஒரு சிறிய செப்பு உருளை; வாயு தண்டைத் தள்ள, தண்டு செம்பை நசுக்கும்; நசுங்கிய அளவைக் கண்டு, நிலையான பாரங்களால் முன்பே நசுக்கிவைத்த வேறு உருளைகளோடு ஒப்பிட்டால் அழுத்தம் தெரியும். செம்பு நசுங்குகிற இம்முறை நூறு ஆண்டுக்கு மேலாகத் தோட்டாத் தொழிற்சாலைகளில் அரசு செலுத்தியது. ஆயினும் செம்பு நசுங்குவதற்கும் ஓர் அவகாசம் வேண்டும். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் ஏறி இறங்கிவிடும் உச்சத்தை அது முழுமையாக எட்டிப்பிடிப்பதில்லை. 1880 இல் கியூரி சகோதரர் கண்ட உண்மை, குவார்ட்ஸ் போன்ற சில படிகங்கள் அழுத்தப்படும்போது மின்னேற்றம் கொள்கின்றன என்பது, பின்னாளில் இக்குறையைத் தீர்த்தது. .308 வின்செஸ்டர் என்னும் தோட்டாவின் உச்ச வரம்பு, செம்பால் அளந்தால் 52,000 என்றும், படிகத்தால் அளந்தால் சதுர அங்குலத்துக்கு 62,000 ராத்தல் என்றும் அமெரிக்க நூல்களில் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒரே அழுத்தத்தின் இரு அளவீடுகள் என்பதை உணராமல், எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு ஒரு தோட்டா வலியது, மற்றொன்று மெலியது என்று வாதிடுவோர் இன்றும் உளர்.

கருமருந்தின் காலம் 1884 இல் முடியத் தொடங்கியது. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்து எடுத்தால் வெடிபஞ்சாகும் என்பதை ஷோன்பைன் 1846 இலேயே அறிவித்திருந்தார். ஆனால் அது துப்பாக்கிக்குள் அடங்கி எரிய மறுத்துக் குழலையே பிளந்தது. அதைக் கரைத்து, நார்த்தன்மையை அழித்து, கொம்பைப்போல் இறுகிய தகடாக்கிவிட்டால் மேற்பரப்பிலிருந்து மட்டுமே படிப்படியாக எரியும் என்று கண்டவர் பிரெஞ்சு நாட்டு வியேல். அந்த மருந்தில் புகையும் இல்லை. 1889 இல் ஏபெலும் ஜேம்ஸ் டூவாரும் வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் அசிட்டோனில் குழைத்து, வாசலினும் சிறிது சேர்த்து, துளை வழியே பிதுக்கிக் கயிறுகளாக எடுத்தார்கள். கயிறு போன்றிருந்ததால் கார்டைட் என்று பெயராயிற்று. அதன் முதல் வகையில் நைட்ரோகிளிசரின் நூற்றுக்கு 58 பங்கு இருந்தது. அதன் தீ மிகக் கொடியதாய்க் குழலின் உட்புறத்தை அரித்துத் தின்றமையால், பின்வந்த வகையில் அதை 30 ஆகக் குறைத்து வெடிபஞ்சை 65 ஆக உயர்த்தினர். குழலுக்கு வழுவழுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்த வாசலின், மருந்து நாட்பட்டுக் கெடாமல் காக்கும் குணமுடையது என்பது பிற்பாடு தெரியவந்தது.

நீலகிரியில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மலைரயில் நின்று செல்லும் அருவங்காட்டில், இக்கார்டைட்டைச் செய்வதற்கென்றே 1904 அளவில் எழுந்தது அரசினர் தொழிற்சாலை. அதற்கு மின்சாரம் தருவதற்காகவே காட்டேரி நீர்வீழ்ச்சியில் ஒரு சிறு நீர்மின் நிலையமும் அமைந்தது. தென்னாட்டில் அருவி நீரைக்கொண்டு மின்சாரம் எடுத்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. வெடிபஞ்சு சார்ந்த மருந்துகள் எல்லாம் உஷ்ணத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து, தம்மிடமிருந்து வரும் அமில வாயுவினாலேயே மேலும் விரைவாகச் சிதையும் இயல்புடையவை. தூலோன் துறையில் 1907 இலும் 1911 இலும் இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் தம் மருந்துக் கிடங்கு தீப்பற்றி அழிந்தது இக்காரணத்தால்தான். இதை நினைத்தால், ஆறாயிரம் அடி அளவிலான உயரத்தில், ஆண்டு முழுவதும் குளிர்ந்த காற்று வீசும் ஓர் ஊர் இத்தொழிலுக்கு எவ்வளவு ஏற்றது என்பது விளங்கும். தேயிலைத் தோட்டங்களின் நடுவே, நம் தமிழ்த் தொழிலாளர் நான்கு தலைமுறையாகக் கையாண்டுவரும் அந்தப் பொருளின் இரசாயனத்தைப் பற்றித் தமிழில் இதுவரை ஒரு நல்ல நூல் வராதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

புகையில்லா மருந்து எரியும் விதத்திற்கு வியேல் கண்ட விதிதான் இந்த அத்தியாயத்தின் மையம். மருந்துத் துணுக்கு மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. எரியும் வேகமோ சுற்றியுள்ள அழுத்தம் உயர உயர அதிகரிக்கிறது. அழுத்தம் மருந்தை விரைவுபடுத்த, விரைந்த மருந்து மேலும் வாயுவை ஈன, அவ்வாயு மேலும் அழுத்தத்தை உயர்த்த, இவ்விதம் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு எழும் வட்டத்தை அறுப்பது ஒன்றே ஒன்று: குண்டு நகர்ந்து இடம் விடுவது. ஆகவே மருந்தறைக்குள் நடப்பது வாயு பிறக்கும் வேகத்துக்கும் குண்டு இடம்விடும் வேகத்துக்கும் இடையே நிகழும் பந்தயம் என்றே சொல்லலாம். துணுக்கின் வடிவம் இங்கே பெரிதும் கணக்கில் வருகிறது. கயிறு வடிவம் எரிய எரியச் சிறுத்து, எரியும் பரப்பு குறைந்துகொண்டே போகும். நடுவில் துளையுள்ள குழாய் வடிவத்தில் வெளிப்பரப்பு குறைவதை உட்பரப்பு பெருகி ஈடுசெய்யும். பல துளைகள் இட்டால், குண்டு முன்னேறி இடம் பெருகும் சமயத்தில் எரியும் பரப்பும் பெருகி, அழுத்தம் ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக இறங்காமல் நீடித்து நின்று தள்ளும்.

இனிக் கையால் தோட்டா தயாரிப்பவரின் மேசைக்கு வருவோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தும் தீமூட்டியாகிய கேப்பு, மருந்து, குண்டு என்று தோட்டாவுக்கு அங்கங்கள் நான்கு. இவற்றுள் சுட்டபின் மிஞ்சுவது கூடு ஒன்றே. அதுவே விலை மிகுந்ததும் ஆகையால், விரிந்த கூட்டை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குச் சுருக்கி, புதுக் கேப்பு அழுத்தி, மருந்தை நிறுத்து இட்டு, குண்டைக் குறித்த ஆழத்தில் பதிப்பது அவர்களுடைய தொழில். மருந்தை அவர்கள் கிரெயின் என்னும் எடையால் நிறுக்கிறார்கள். அது 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, நம் பொற்கொல்லர் பயன்படுத்திவந்த குன்றிமணியில் ஏறத்தாழ பாதி. அதில் பத்தில் ஒரு பங்குவரை துல்லியம் பார்க்கும் வழக்கத்தை வீண் நுணுக்கம் என்று நினைக்கக் கூடாது. 7.62 மில்லிமீட்டர் இராணுவத் தோட்டாவில் இருப்பது மூன்று கிராம் அளவு மருந்து. அது ஒன்பதரைக் கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 840 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. மருந்தின் சக்தியில் குண்டுக்குப் போய்ச்சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே. எஞ்சியது கொதிவாயுவாகவும் குழலைச் சுடும் வெப்பமாகவும் கழிகிறது. உச்ச அழுத்தம் எழும்போது குண்டு சில சென்டிமீட்டரே நகர்ந்திருக்கும். அதன் பின்புறத்தை அப்போது தள்ளும் விசை இரண்டு டன். அதே அழுத்தம் கூட்டையும் சுவரோடு ஒட்ட விரித்து, பின்புறத்துப் பூட்டுத்தண்டையும் அதைவிடப் பெரிய விசையோடு உதைக்கிறது.

மருந்தின் எடை மாறாதிருந்தாலும் பந்தயத்தின் முடிவை மாற்றக்கூடிய காரணங்கள் பல. குண்டு சற்று ஆழமாகப் பதிந்தால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் தொடக்கத்திலேயே அழுத்தம் உயரும். உயர்ந்த அழுத்தம் மருந்தை விரைவுபடுத்தும். பித்தளையின் சுவர் தடித்த கூட்டிலும் இதுவே நிகழும். குண்டின் எடை கூடினால் அது அசையத் தயங்கும். அதன் தோள் குழலின் வரிப்பள்ளங்களில் முன்பே ஒட்டியிருந்தால் புறப்படுவதற்கு அதிக விசை வேண்டியிருக்கும். இக்காரணங்கள் ஒவ்வொன்றும் தனியே அற்பமாகத் தோன்றினாலும், மேற்சொன்ன வட்டம் அவற்றைப் பெருக்கிக் காட்டுகிறது என்பதனால்தான், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகவே உயர வேண்டும் என்பதை அத்தொழிலில் அனுபவமுள்ளோர் விரதமாகக் கொள்கிறார்கள். சுட்ட கேப்பு தட்டையாகியிருக்கிறதா, பூட்டைத் திறக்கக் கை கனக்கிறதா என்பவற்றை அபாயக் குறிகளாகப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அக்குறிகள் சில கூடுகளில் வரம்பு கடந்த பின்னரே தோன்றுகின்றன, மென்மையான சில கேப்புகளில் வரம்புக்கு வெகு கீழேயே தோன்றிவிடுகின்றன; அவற்றை நம்பி அழுத்தத்தை அளந்துவிட்டதாக நினைப்பது சரியன்று. நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதையே தடைசெய்கிறது. இத்தனை நுட்பமும் அபாயமும் உள்ள ஒரு தொழிலைக் கண்காணிப்பில் வைத்திருப்பது நியாயமே.

உஷ்ணத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் இது வெயில் நாடுகளுக்கே உரிய பிரச்சினை. எரியத் தொடங்குமுன் மருந்து எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக அது எரியும். வெயிலில் காய்ந்த தோட்டா, இங்கிலாந்தின் குளிரில் பரிசோதித்து நிர்ணயித்த வரம்பை மீறக்கூடும். கார்டைட் தோட்டாக்களோடு இந்தியக் காடுகளுக்கு வந்த வெள்ளைக்கார வேட்டைக்காரருக்கு இதனால் நேர்ந்த சங்கடம், துப்பாக்கி வெடித்துவிடுமோ என்பதைவிட, சுட்ட கூடு மருந்தறைச் சுவரோடு இறுகிக்கொண்டு வெளிவர மறுக்குமே என்பதுதான். காயம்பட்ட விலங்கு எதிரே நிற்கும்போது இரண்டாவது தோட்டாவை இட முடியாமற்போவது உயிருக்கே ஆபத்து. லண்டன் துப்பாக்கி வினைஞர் இதற்கு இருவகையில் பரிகாரம் தேடினர். மருந்தைச் சற்றுக் குறைத்து, உஷ்ணப் பிரதேசத்துக்கென்று தனியே தோட்டா விற்றது ஒன்று. கூட்டையே மிகப் பெரிதாக்கி, நிறைய இடம் விட்டு, அதே வேலையைத் தாழ்ந்த அழுத்தத்தில் முடித்தது மற்றொன்று. 1907 இல் .450 அளவுத் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி அரசாங்கம் அவற்றை இந்தியாவில் தடுத்தபோது, அதற்கு மாற்றாக வந்த .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும் பெருந்தோட்டாவின் வரம்பு ஏறத்தாழ 2,700 வாயுமண்டலமே. யானையைச் சுடும் தோட்டாவின் அழுத்தம் இன்றைய சிப்பாயின் சிறு தோட்டாவினுடையதைவிட வெகுவாகக் குறைந்தது என்று கேட்டால் வியப்பாக இருக்கும். ஆற்றல் வேறு, அழுத்தம் வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

அழுத்தத்தை உயர்த்தினால் எஃகையும் உயர்த்தியாக வேண்டும். 1962 ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின், பழைய .303 தோட்டாவிலிருந்து 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு நம் படை மாறியபோது, வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையார் பழைய லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் வடிவத்தையே வைத்துக்கொண்டு, உயர்ந்த ரக எஃகினால் அதை மறுபடியும் செய்தார்கள். .303 இன் வரம்பு ஏறத்தாழ 3,600 வாயுமண்டலம்; புதிய தோட்டாவினுடையது 4,100. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்த அத்துப்பாக்கி 2ஏ, 2ஏ1 என்ற பெயர்களோடு பல்லாண்டுக்காலம் நம் மாநிலக் காவலர் தோளில் இருந்தது. எந்தத் துப்பாக்கியானாலும் விற்பனைக்கு அனுப்புமுன், சாதாரண வரம்பைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவை, ஐரோப்பிய முறையில் கால் பங்கு அதிகமானதை, அதனுள் சுட்டுப் பார்த்து, பிளவோ வீக்கமோ இல்லை என்று கண்டபின்பே முத்திரை குத்துவார்கள்.

ராக்கெட்டின் எரியறையிலும் வியேலின் விதியே ஆளுகிறது. ஆனால் அங்கே வழியை அடைக்கும் குண்டு இல்லை, எப்போதும் திறந்திருக்கும் குறுகிய கழுத்தொன்று இருக்கிறது. வாயு பிறக்கும் வேகமும் கழுத்து வழியே வெளியேறும் வேகமும் சமமாகும் இடத்தில் அழுத்தம் நிலைகொள்ளும். அது பெரும்பாலும் நூறு வாயுமண்டலத்துக்கு உட்பட்டது. இங்கே ஒரு சூக்ஷ்மம் உண்டு. அழுத்தம் இரட்டித்தால் வெளியேறும் வாயுவும் இரட்டிக்கும்; எரியும் வேகமோ அதைவிடக் குறைந்த வீதத்தில் உயருமாறு மருந்து அமைந்திருந்தால்தான் தற்செயலாக எழுந்த மிகுதி தானே தணியும்; எரியும் வேகமும் இரட்டித்தாலோ, அதற்கு மேற்பட்டாலோ, அறை நிலைகொள்ளாமல் வெடித்துவிடும். துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தெல்லாம் ராக்கெட்டுக்கு ஏற்றதல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1963 நவம்பர் 21 அன்று அந்நிய நாட்டு ராக்கெட்டோடு தொடங்கிய தும்பா ஏவுதளத்திலிருந்து, 1967 நவம்பர் 20 அன்று நம் நாட்டிலேயே செய்த முதல் ராக்கெட்டான ரோகிணி 75, வெறும் 75 மில்லிமீட்டர் விட்டமுடையது, கார்டைட் மருந்தைக்கொண்டே மேலெழுந்தது. இரு ஆண்டுகளுக்குப்பின் தும்பாவிலேயே ராக்கெட் மருந்துத் தொழிற்சாலை ஒன்று எழ, இரப்பர் போன்ற பசைப்பொருளில் அமோனியம் பெர்க்குளோரேட்டைக் குழைத்து வார்க்கும் வேறு வகை மருந்துகள் அக்கார்டைட்டின் இடத்தைப் பிடித்தன.

வார்த்த மருந்துக் கட்டையில் ஓர் இழைப் பிளவு இருந்தாலும் அதன் இரு சுவர்களும் எரியும் பரப்போடு சேர்ந்துவிடும். எரியும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் மருந்தாயின், பரப்பு பத்தில் ஒரு பங்கு கூடினால் அறையழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக உயரும். பரப்பு இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மெல்லிய உலோகத்தால் ஆன அறைச் சுவருக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. சுவரைத் தடிப்பாக்கினால் ராக்கெட் தன் எடையாலேயே உயராது. ஆகையால்தான் வார்த்த மருந்தை எக்ஸ்ரே கதிர்களால் படம் பிடித்து, பிளவோ காற்றுக்குமிழோ இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்பே அதை ஏவுதளத்துக்கு அனுப்புகிறார்கள்.